குரங்குக்குப் பயந்து வந்த கேபிள்

"எங்க வீட்டு முற்றத்துல நிக்கிற கேபிள் போஸ்டை எடுத்துருங்க, அண்ணாச்சி."

கேட்டுவிட்டேன். வேறு எதைக் கேட்டாலும் கேள், போஸ்டைப் பற்றி மட்டும் தளவாய் அண்ணாச்சியிடம் வாயைத் திறக்காதே என்று காலையில் நான் செருப்பு மாட்டும்வரை அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அதனால்தான் முதலிலேயே கேட்டேன். மழையைப் பற்றிப் பேசி, சீசனைப் பற்றிப் பேசி, மெதுவாக அங்கே வரலாம் என்று வைத்திருந்தால் எனக்கே பயம் வந்து, "சரி அண்ணாச்சி, போயிட்டு வாரேன்" என்று திரும்பியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

அண்ணாச்சி வடையைச் சட்னியில் தோய்த்த கையோடு, கேபிள் ஆபீஸ் கவுண்டரில் இருந்த ஷஹானாவைப் பார்த்தார்.

"யாருட்டி இந்தப் பிள்ளை?"

"வாய்க்கால் தெரு, அண்ணாச்சி. இசக்கிப்பாண்டி மாமா மக. முத்துச்செல்வி." ஷஹானா கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். நானும் அவளும் மூன்று வருஷம் காலேஜில் ஒரே பெஞ்ச். இங்கே அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"நம்ம லாட்ஜ்ல பார்க்கிங் பாக்கானே, அந்த இசக்கியா? படிக்க வச்சிருக்கேன், படிக்க வச்சிருக்கேன்னு சொல்லிட்டே இருப்பான். நீதானா அது? உக்காரு, உக்காரு."

உக்காரு என்று அவர் சொன்னது வாய்க்கு வந்த பழக்கம். எங்கள் தெருவிலிருந்து வருகிறவர்கள் "இருக்கட்டும் அண்ணாச்சி" என்று சொல்லி நின்றுகொண்டே பேசுவார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். வடை ஒரு நொடி அந்தரத்தில் நின்றது.

போஸ்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். குற்றாலத்து லாட்ஜ்களுக்கெல்லாம் ஃபைபர் நெட் கொடுப்பது, சொந்தமாக ஒரு லாட்ஜும் வைத்திருக்கிற தளவாய் அண்ணாச்சிதான். முதலில் மெயின் ரோட்டு ஓரமாகத்தான் கேபிள் போனது. அங்கே வழி நெடுக மரம், மரம் நெடுகக் குரங்கு. ஒன்று தொங்கும், ஒன்று கடிக்கும், குட்டி ஊஞ்சலாடும். அண்ணாச்சியும் கேபிளில் கிரீஸ் தடவிப் பார்த்தார், மிளகாய்ப்பொடி தடவிப் பார்த்தார். மிளகாய்ப்பொடியில் அழுதது லைன்மேன் சுடலைமுத்து மட்டும்தான். சீசனில் அருவியில் தண்ணீர் விழுகிற அன்றெல்லாம் லாட்ஜில் நெட் விழுந்துவிடும்.

கடைசியில் மரமே இல்லாத வழியாகத் தேடி, வயல்காட்டைச் சுற்றி எங்கள் வாய்க்கால் தெரு வழியாகக் கேபிளை இழுத்தார். அதற்கு எங்கள் முற்றத்தில் ஓர் இரும்பு போஸ்ட். அப்பாவைக் கூப்பிட்டு, "இசக்கி, ஒரு போஸ்ட் நட்டுக்கிடுதேன்லே" என்றார். அப்பா, "உங்க வீடு மாதிரி, அண்ணாச்சி" என்றார். முடிந்தது. பதிலுக்கு டி.வி. கேபிள் இலவசம், சீசன் முடிந்ததும் தெருவுக்கே நெட் என்று ஒரு வாக்கும். அப்பாவுக்கு அது பெரிய மரியாதை. அம்மாவுக்கு சீரியலோடு துணிக்கொடி கட்ட ஒரு கம்பமும் கிடைத்தது.

தெருவில் ஒரு வீட்டுக்கும் நெட் கிடையாது. குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு படுத்துக்கொண்டு ஒருவர் ரீல்ஸ் பார்க்கிறார் என்றால், அது எங்கம்மாவின் உள்பாவாடைக்கு மேல்தான் போகிறது. எங்களுக்கு சிக்னல் வேண்டுமென்றால் வாய்க்கால் பாலத்துக்குப் போக வேண்டும். பக்கத்து வீட்டு உமா மகேஸ்வரி அக்கா பிளவுஸ் தைக்கிறவர். யாராவது வாட்ஸப்பில் டிசைன் அனுப்பினால், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பாலத்துக்கு ஓடி, படம் வரும்வரை எருமைகளோடு நின்றுகொண்டிருப்பார்.

எனக்கும் பாலத்தில்தான் இன்டர்வியூ நடந்தது. சென்னையில் ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை. சாரல் அடிக்கிறது, குடை படபடக்கிறது, கீழே வாய்க்கால் தண்ணீர் இரைகிறது. அந்த மேடம், "அருவியிலேருந்தா பேசுறீங்க?" என்றார். "இல்ல மேடம், தெருவுலேருந்து" என்றேன். சிரித்தார், எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை சேர வேண்டும். ஒரே நிபந்தனை, வீட்டில் ஃபைபர் கனெக்‌ஷன் இருக்க வேண்டும். பாலத்துக்குக் கனெக்‌ஷன் கிடையாது.

"எதுக்கு போஸ்டை எடுக்கணும்?" அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டார். "நெட்தானே வேணும்? அதைக் கேளு."

"எத்தனை தடவை எழுதிப் போட்டோம், அண்ணாச்சி. வசதியில்லைன்னு பதில் வருது."

"வசதியில்லைதான். சீசன் நேரத்துல லைன்ல கை வைக்க முடியுமா? உங்க தெருவுக்கு லைன் பிரிக்கிற பாக்ஸ் வைக்கணும்னா கேபிளை வெட்டி ஒட்டு போடணும். அவ்வளவு நேரமும் லாட்ஜ் பூரா நெட் இருக்காது. என்னை உயிரோட விடுவாங்களா?"

"சீசன் இல்லாதப்போ?"

"அப்போ வேற சோலி. சரி, நான் கேக்கேன், உங்க தெருவுக்கு எதுக்கு அவ்வளவு ஸ்பீடு?"

"லாட்ஜ்ல எண்ணெய் தேச்சிட்டு உக்காந்து பாக்காரே, அவருக்கு எதுக்கோ அதுக்குத்தான்."

ஷஹானாவுக்கு இருமல் வந்தது.

"ரெண்டு மாசம் கட்டுவாங்க, மூணாவது மாசம் கதவைச் சாத்திக்கிடுவாங்க. எனக்குத் தெரியாதா உங்க தெரு?"

"ரீசார்ஜ் பண்ணலைன்னா போன் அன்னைக்கே செத்துரும், அண்ணாச்சி. எங்க தெருவுல எல்லா போனும் உயிரோடதான் இருக்கு. எப்படின்னு நெனைக்கிய?"

அவர் என்னை முதன்முறையாக முழுசாகப் பார்த்தார். அப்புறம் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரு, தாயி. நீ படிச்ச பிள்ளை. வேலை கிடைச்சிருக்கா?"

"ஆமா. திங்கட்கிழமை."

"சொல்லியிருக்கலாம்லா. உனக்கு மட்டும் ஒரு கனெக்‌ஷன் தாரேன். இன்னைக்கு சாயங்காலமே சுடலைமுத்து வந்து போட்டுருவான். பைசா வேண்டாம். பின் ஜன்னல் வழியா வயரை உள்ள விட்டு, ரவுட்டரைப் பீரோவுக்குப் பின்னால வச்சிக்கிடலாம். தெருவுல ஒருத்தர்ட்டயும் மூச்சு விடக் கூடாது. என்ன?"

ஆசையாக இருந்தது. பொய் சொல்ல என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் யாரும் வாங்காத சம்பளம் அது. பீரோவுக்குப் பின்னால் பச்சை விளக்கு மினுக்குவது கண்ணுக்குள் வந்துவிட்டது. கூடவே, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பாலத்துக்கு ஓடும் உமா மகேஸ்வரி அக்காவும் வந்தார். அவர் எங்கள் ஜன்னலைத் தாண்டித்தான் ஓட வேண்டும். நான் உள்ளே உட்கார்ந்து, விளக்கு வெளியே தெரியாமல் பீரோவில் துண்டு போட்டு மூடிக்கொண்டிருப்பேன். நினைக்கவே எரிச்சலாக வந்தது.

"அண்ணாச்சி, எனக்குப் போடணும்னாலும் கேபிளை வெட்டி ஒட்டுத்தானே போடணும்?"

"அது... ஆமா."

"இப்பத்தானே சீசன்ல லைன்ல கை வைக்க முடியாதுன்னிய?"

அண்ணாச்சி ஷஹானாவைப் பார்த்தார். ஷஹானா ஸ்டேப்லரில் பின் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"எனக்கு ஒட்டு போடுற நேரத்துல தெருவுக்கே பாக்ஸ் வச்சிரலாம். நீங்க வைக்க மாட்டிய. சரி, வைக்காதிய. போஸ்டை எடுத்துருங்க. வேற ஆள் வந்து குடுக்கட்டும்."

"வேற ஆளா? யாரு?"

"கடையநல்லூர் ஹைருன் பீவி அக்கா."

அண்ணாச்சி சத்தம் போட்டுச் சிரித்தார். சிரிக்கத்தான் செய்வார் என்று ஹைருன் அக்காவே சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் துபாயில் இருக்க, அண்ணன் நடத்திய கேபிளை வாங்கி இலத்தூர் வரைக்கும் ஃபைபர் இழுத்த பொம்பளை. நான் போன் பண்ணியபோது, "வரத் தயார்மா, ஆனா உங்க தெருவுல தளவாயோட போஸ்ட் நிக்குதே" என்றார். கேபிள்காரர்களுக்குள் அப்படி ஒரு கட்டுப்பாடு. எழுத்தில் கிடையாது, ஆனால் யாரும் மீற மாட்டார்கள். ஒருத்தர் போஸ்ட் நிற்கிற தெருவுக்குள் இன்னொருத்தர் வரக் கூடாது. கனெக்‌ஷன் கொடுத்தாரா இல்லையா என்பது கணக்கில்லை. போஸ்ட் நின்றால் போதும், தெரு அவருடையது. துணிக்கொடி கட்டுகிற கம்பம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது, எங்களுக்குப் போட்ட வேலியாக நின்றிருக்கிறது.

"அவ வர மாட்டா," என்றார் அண்ணாச்சி. "எங்களுக்குள்ள பேச்சு இருக்கு."

"போஸ்ட் நிக்கிற தெருவுக்குத்தானே அந்தப் பேச்சு?"

சிரிப்பு நின்றது.

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

ஸ்டேப்லர் கீழே விழுந்தது. ஹைருன் அக்கா ஷஹானாவுக்கு மாமி முறை. அவர் நம்பரை எனக்குத் தரும்போதே ஷஹானா, "நான் தந்தேன்னு வெளிய வந்துச்சு, உன்னை அருவியில தள்ளி விட்டுருவேன்டி" என்று சொல்லித்தான் தந்தாள்.

"ஊருக்கே தெரியும், அண்ணாச்சி," என்றேன்.

அண்ணாச்சி போனை எடுத்தார். அப்பாவுக்கு அடித்து, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். அப்பா மன்னிப்புக் கேட்பார், என்னைத் திட்டுவார், வீட்டுக்கு அனுப்புங்க அண்ணாச்சி என்பார். பார்க்கிங் இரைச்சலும் விசிலும் கேட்டன.

"ஏலே இசக்கி, உன் மக இங்கன வந்து உக்காந்திருக்கா. போஸ்டை எடுக்கச் சொல்லுதா. நீ என்னலே சொல்லுத?"

"ரைட்ல ஒடி, ரைட்ல ஒடி, போதும்," என்றார் அப்பா, ஏதோ வேனிடம். அப்புறம் போனுக்கு வந்தார். "அண்ணாச்சி, நான் என்ன சொல்ல? வீடு அவ அம்மா பேர்லலா இருக்கு."

"எவ பேர்ல?"

"சங்கரேஸ்வரி பேர்ல. அவ அப்பா எழுதிக் குடுத்தது."

"அன்னைக்கு போஸ்ட் நடும்போது நீதானலே சரின்ன?"

"நீங்க என்னைத்தானே கேட்டிய, அண்ணாச்சி. அவளைக் கேக்கலையே."

"சரி, அவகிட்ட நீ எடுத்துச் சொல்லு."

"நேத்து சொல்லிப் பாத்தேன். எனக்குச் சோறு போடல. காலையில பாத்தா போஸ்ட்ல கட்டியிருந்த கொடியையும் அவுத்துட்டா." மறுபடி விசில். "அண்ணாச்சி, வேன் பின்னால வருது, நான் அப்புறமா பேசுதேன்."

அப்பா அவ்வளவுதான். என் பக்கம் நிற்கவில்லை. அண்ணாச்சி பக்கமும் நிற்கவில்லை. வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். எனக்கு அது போதும்.

மேஜைமேல் போனின் வெளிச்சம் அணைகிறவரை அண்ணாச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி டி.வி. கேபிள் இலவசம் கிடையாது, தெரியும்லா?"

"அம்மாவுக்குத் தெரியும்."

"உங்கப்பன் என் லாட்ஜ்லதான் நிக்கான். அதுவும் தெரியும்லா?"

இதற்காகத்தான் அப்பா வாயைத் திறக்காதே என்றார். "தெரியும். அத்தனை வேனையும் ஒரு உரசல் இல்லாம நிறுத்துற ஆளுக்குக் குற்றாலத்துல ஒரு லாட்ஜ்தானா இருக்கு?"

அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். கோபம்கூட இல்லை, அலுப்புதான். "சரி, விடு. சீசன் முடியட்டும், தெருவுக்கே பாக்ஸ் வச்சிருதேன். நான் சொன்னா சொன்னதுதான்."

"போஸ்ட் நட்டப்பவும் இதையேதான் சொன்னிய, அண்ணாச்சி. அதுக்கப்புறம் எத்தனையோ சீசன் முடிஞ்சிட்டு."

எழுந்தேன். இங்கே வருவதற்கு முன்பே பாலத்தில் நின்று கம்பெனிக்கு மெயில் அனுப்பிவிட்டேன். கனெக்‌ஷன் வர இரண்டு வாரம் ஆகும், அதுவரை பொறுக்க முடியுமா என்று. சரி என்றும் பதில் வரலாம், வேறு ஆளை எடுத்துக்கொண்டோம் என்றும் வரலாம். ஹைருன் அக்காவிடமும் நேற்றே சொல்லியாயிற்று. அண்ணாச்சியிடம் நான் அனுமதி கேட்க வரவில்லை. தெரியாமல் செய்தார்கள் என்று பேச்சு வரக் கூடாது, அதற்காக வந்தேன்.

"சனிக்கிழமைக்குள்ள சுடலைமுத்து அண்ணனை அனுப்பி எடுத்துருங்க. வரலைன்னா தெருக்காரங்க கேபிளுக்கு ஒரு கீறல் விழாம இறக்கி, போஸ்டைப் பிடுங்கி வாசல்ல சாத்தி வைப்போம்."

"அப்போ லாட்ஜுகளுக்கெல்லாம் எப்படிட்டி லைன் போவும்?"

"பழைய பாதை அப்படியேதானே கெடக்கு? குரங்குககிட்ட பேசிப் பாருங்க. எங்களை விடப் பழகுனவங்கதானே."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். சாரல் சரியாகப் பிடித்திருந்தது. பாதி மாடிப்படி இறங்கியிருப்பேன், மேலேயிருந்து ஷஹானாவின் குரல். அண்ணாச்சிக்குக் கேட்க வேண்டும் என்பதால் யாரோ எவரோ போலக் கூப்பிட்டாள்.

"மேடம், உங்க குடையை விட்டுட்டுப் போறீங்க."

திரும்பிப் போனால் அண்ணாச்சி மறுபடியும் உட்காரச் சொல்வார். "நீயே வச்சிக்கடி" என்று கத்தினேன். அந்த 'டி' அண்ணாச்சிக்கும் கேட்டிருக்கும் என்று உறைத்தபோது, நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டைப் பார்த்துப் பாதி தூரம் நடந்திருந்தேன்.