இருபத்தெட்டாம் நிமிடம்

வெள்ளிக்கிழமை சோதனை இயந்திரம் கோடு வரைந்து தந்த தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் ஸ்ரவந்தியின் கண்ணில் அது பட்டது. ஆறாம் நிமிடத்து மேடும் எட்டாம் நிமிடத்து மேடும் ஊசிபோல ஒல்லியாக நிற்க, நடுவே ஏழில் எழுந்திருந்த வேண்டாத மேடு மட்டும் தொந்தியும் தொப்பையுமாக உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து ஆய்வகமே அதைத் திட்டிக்கொண்டிருந்தது. அதன் உடம்பை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஜீடிமெட்லாவின் அந்த மருந்துத் தொழிற்சாலையில் கூடுதலாக ஒரு மேடு என்றால் மருந்தில் வேறு எதுவோ கலந்துவிட்டது என்று அர்த்தம். மருந்து காய்ச்சும் ரியாக்டரை மல்லேசம் சரியாகக் கழுவவில்லை என்று முடிவாகி, வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் மூன்று மணிக்குத் தயாராகிவிடும். பதினோரு வருடமாக ரியாக்டர் கழுவும் மனிதர். வெள்ளைக் கோட்டு இல்லாதவர்களுக்கு உள்ளே இடமில்லை என்பதால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

இயந்திரத்தின் குழாய்க்குள் எதிலும் ஒட்டாத பொருள் விறுவிறுவென்று ஓடிவந்துவிடும். ஒட்டிக்கொள்வது தங்கித் தங்கி வரும். வெளியே வரும் ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு மேடு. சீக்கிரம் வருகிறவன் ஒல்லி, தாமதமாக வருகிறவன் குண்டு. ஏழு நிமிடத்தில் வந்தவன் இத்தனை குண்டாக இருக்க வழியே இல்லை. அப்படியானால் இவன் இந்த மருந்தின் ஆளே அல்ல! முந்தைய மருந்தோடு உள்ளே ஏறி, இறங்காமல் கிடந்து, அடுத்தது ஓடும்போது இறங்கியிருக்கிறான். மல்லேசம் கழுவியதில் குறையே இல்லை. ஸ்ரவந்திக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மறுநொடியே ஆய்வக நோட்டைப் புரட்டினாள். ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் கால் மணி நேரம் குழாயைக் கழுவ வேண்டும். வெள்ளிக்கிழமை கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அவள் கழுவவில்லை. கழுவியதாக நோட்டில் கையெழுத்து மட்டும் போட்டிருந்தாள்.

நேராக ஆய்வகப் பொறுப்பாளர் கோட்டேஸ்வர ராவின் மேஜைக்குப் போனாள்.

"சார், வெள்ளிக்கிழமை இதுக்கு முன்னாடி ஓட்டின பி பிளாக் மருந்தை மறுபடியும் ஓட்டுறேன். வழக்கமா நிறுத்துற இருபதாம் நிமிஷத்துல நிறுத்தாம ஓட விடுவோம். அன்னைக்கு இருபது ஓடி, மருந்து மாத்த ஒரு நிமிஷம், அப்புறம் அடுத்ததுல ஏழு. இருபத்தெட்டுல அந்தக் குண்டன் வருவான்."

"ஏம்மா, வந்தா நடுவுல நீ கழுவலைன்னு ஆயிடுமே. நோட்டுல உன் கையெழுத்து இருக்கு."

"இருக்கு சார். அது பொய்."

அவர் கண்ணாடியைக் கழற்றி அவளையே பார்த்தார். "போ. போய் ஓட்டு."

பத்து நிமிடத்தில் இயந்திரத்தைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. "வந்தான்னா எல்லாருக்கும் என் செலவுல பிரியாணி" என்றாள் பக்கத்து மேஜை ஃபரீதா. "ஏய், அவளுக்கு வேலை போவுது, உனக்குப் பிரியாணியா?" என்று யாரோ அதட்டினார்கள். இருபது தாண்டியது. திரையில் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. இருபத்து நான்கு. இருபத்தாறு. வராமல் போனால் தன் வேலை தப்பும் என்ற நினைப்பு ஸ்ரவந்திக்கு ஒருமுறை வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. அவன் வந்தே ஆகவேண்டும். தான் சொன்ன நிமிடத்தில், அதே தொந்தியோடு வரவேண்டும்.

இருபத்தேழரையில் கோடு லேசாக நெளிந்தது.

"சும்மா ஆடுது" என்றார் ராவ்.

"ஆடல சார். ஏறுது. பாருங்க, ஏறுது!"

மெதுவாக, அகலமாக, அவசரமே இல்லாமல் ஏறியது. ஸ்ரவந்தி கையைத் தட்டிக்கொண்டு சின்னப் பிள்ளைபோலக் குதித்தாள். "வந்துட்டான்! வந்துட்டான் சார்!"

ராவ் அவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு இந்த நாற்காலி உனக்கு இருக்காது. புரியுதா?"

"புரியுது சார். கொஞ்சம் தள்ளுங்க, மறைக்குது."

கண்ணாடிக்கு அப்பால் எதுவும் காதில் விழாத மல்லேசம், அவள் குதிப்பதைப் பார்த்துவிட்டு, எதற்கென்று தெரியாமலே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். திரையில் கோடு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.