கஜ மேடு

ஜம்புலிங்கம் அந்த மேட்டை ஒருநாளும் கும்பிட்டதில்லை. தன் நிலத்துக்கு நடுவில் வந்து படுத்துக்கொண்டு எழுந்து போகாத ஆள் என்றுதான் அதை நினைத்திருந்தார். இன்றைக்கு அதை நம்பித்தான் அவருடைய கிணறு நின்றது.

யுத்தம் நடந்த வருஷம் அது. ஆவடிக்குத் தெற்கே பட்டாளத்துக்கு நிலம் எடுத்தார்கள். கத்தரித் தோட்டம், களத்துமேடு என்று பார்க்காமல் சிவப்புக் கொடி நட்டுக்கொண்டே வந்தார்கள். கும்பிடுகிற இடமாக இருந்தால் மட்டும் அதைச் சுற்றிப் பத்துக் கஜம் விட்டுவிடலாம் என்று ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஜானகிராமன் சொல்லியிருந்தார். நிலம் போவதற்கு ஜம்புலிங்கம் மனசைக் கல்லாக்கிக்கொண்டார். கிணறு அப்படியில்லை. பன்னிரண்டு வீடு குடிக்கிற தண்ணீர் அது. அதை விட்டால் அந்த வட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் உப்புதான்.

ஆகவே, ஆகாதவர்கள் இரண்டு பேரை அவரே போய்க் கூட்டிவந்திருந்தார். ஒருத்தி பக்கத்து வீட்டுப் பூங்காவனம். ஆடி மாதம் மேட்டில் பொங்கல் வைக்கிறவள். அடுப்புக்குக் கல் கேட்டால்கூட இவர் தரமாட்டார். இன்னொருவர் பூந்தமல்லித் தோல் வியாபாரி உஸ்மான் கனி. வியாழக்கிழமை தோறும் மேட்டில் விளக்கு வைத்தவர். விளக்கு வைப்பவன் நாளைக்குச் சுவர் வைப்பான் என்று சந்தேகப்பட்டு, போன வருஷம் அந்த அகலைக் காலால் எற்றித் தள்ளியவர் ஜம்புலிங்கம்.

இன்ஸ்பெக்டர் குடையை மடக்கினார். பியூன் ராஜசேகரன் அளவுச் சங்கிலியைக் கீழே போட்டான்.

"இதுல யார் இருக்கா?"

"கடோத்கஜன், சாமி," என்றாள் பூங்காவனம். "பீமன் புள்ள. சாவும்போதுகூட எதிராளி சேனை மேல உழுந்து நசுக்கிட்டுத்தான் செத்தாரு. கஜ மேடுன்னு அவரு பேருதானே வெச்சிக்கீது."

"அரக்கனுக்கு ஏதும்மா கோயில்?"

"நம்ம பக்கம் நின்னு செத்தவன் எப்படி சாமி அரக்கன் ஆவான்?"

இன்ஸ்பெக்டர் பாய் பக்கம் திரும்பினார்.

"ஆது கூட்டம்னு ஒண்ணு இருந்துது சாமி," என்றார் உஸ்மான் கனி. "ஒவ்வொருத்தரும் பனமரம் ஒசரம். ஹூது நபி சொன்னத கேக்கல, காத்து அடிச்சி அழிஞ்சாங்க. கேட்டவங்க கொஞ்ச பேரு தப்பிச்சி ஊர் ஊரா போனாங்க. அதுல ஒருத்தர் அடங்கின எடம். ஒம்பது கஜம். அதான் கஜ மேடு."

"இங்கே விளக்கு எரியறதா?"

ஜம்புலிங்கம் தன் காலைக் குனிந்து பார்த்தார். பாய் அவரைப் பார்க்காமலே சொன்னார்: "வெச்சிகினு இருந்தேன். காத்து தள்ளிடுச்சி. அந்தக் கூட்டத்தையே தள்ளின காத்துக்கு என் வெளக்கு எம்மாத்திரம்?"

பூங்காவனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கஜம்னா யானை. ரெண்டு பேரும் அதை விட்டுட்டேள்," என்றபடி இன்ஸ்பெக்டர் பழைய கணக்கைப் பிரித்தார். "'கஜ மேடு, 9.' பாய் சொல்றதுக்கு ஒத்து வருது. ராஜசேகரா, அள."

தலைமாட்டில் இடுப்புயரக் கல் ஒன்று நின்றது. அதன் முகத்தில் விளக்கு வைக்கச் சின்ன மாடம் குடைந்திருந்தது. அங்கே சங்கிலியைப் பிடித்து, மேடு முடிகிற இடம்வரை ராஜசேகரன் இழுத்தான்.

"இருபத்தோரு அடி, சார். ஏழு கஜம்."

"கால்மாட்டுல கல்லு எங்கே?"

ராஜசேகரன் அந்த இடத்து மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்தான்.

"ஒன்பதுக்கு ஏழு இருந்தா, கணக்குல சொன்ன மேடு இது இல்லே. வெறும் மண்ணு. அப்படியே விட்டாலும் இங்கேருந்து பத்துக் கஜம்தான்." அவர் கையைக் காட்டினார். "கிணறு வெளியிலே போயிடறது. ஒன்றரைக் கஜத்துல."

"இந்த மாதிரி பெரியவங்க அடங்கின கபுரை அளந்தா வாட்டிக்கு வாட்டி அளவு மாறும், சாமி," என்றார் பாய் மெதுவாக.

"சர்க்கார் சங்கிலி மாறாது. கொடியை நடு."

ராஜசேகரன் கிணற்றுக்கு இந்தப் பக்கம் ஆப்பை வைத்துச் சுத்தியலை ஓங்கினான்.

அளவு எங்கே போனது என்று ஜம்புலிங்கத்துக்குத் தெரியும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கால்மாட்டுக் கல்லை அவர்தான் பிடுங்கினார். அப்புறம் வருஷத்துக்கு ஒரு சால் கூடவே ஓட்டி, படுத்திருந்தவன் காலை ஏரால் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றார். இரண்டு கஜ மண் கிடைத்தது. அதில் நாலு வரிசைக் கத்தரிதான் வந்தது. சொன்னால் பாய்க்கு முன்னால் கல்லறைத் திருடன், சர்க்காருக்கு முன்னால் புறம்போக்குத் திருடன். சொல்லாவிட்டால் கிணறு போகும்.

சுத்தியல் ஒரு தடவை விழுந்தது.

"நிறுத்துப்பா," என்றார். "கால் என்னாண்ட கீது."

அவர் கிணற்றடிக்கு நடந்தார். அங்கே அவர் மனைவி கன்னியம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்துரு."

"இன்னா, பாதிலயா?"

"எழுந்துருன்றேன்."

துவைக்கிற கல்லுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். கல் அசையவில்லை. உஸ்மான் கனி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தோள் கொடுத்தார். கல் புரண்டது. அதன் அடிமுகத்திலும் அதே மாதிரி மாடம் இருந்தது. உள்ளே ஒட்டியிருந்த தவளை ஒன்று வெயிலைப் பார்த்துவிட்டு வாய்க்காலில் குதித்தது.

"திருமழிசைல வாங்கினதா சொன்னியே," என்றாள் கன்னியம்மாள்.

ஜம்புலிங்கம் கத்தரிச் செடிகளுக்குள் போய் ஓர் இடத்தில் காலை ஊன்றினார். "இங்க தோண்டு. கல்லு நின்ன, சல்லி அடிச்ச குழி கீது. ரெண்டு ஏர்க்கொழு மொனை ஒடைஞ்சிது எனக்கு."

ராஜசேகரன் முழங்கையளவு தோண்டினான். சல்லிக்கல் வட்டமாகத் தெரிந்தது. தலைமாட்டிலிருந்து மறுபடியும் சங்கிலியை இழுத்தார்கள். இருபத்தேழு அடி.

இன்ஸ்பெக்டர் கணக்கில் அந்த ஒன்பதின்மேல் விரலை வைத்தார். பிறகு, "அந்த ஆப்பைப் பிடுங்கு," என்றார். ஆப்பு கிணற்றைத் தாண்டி அரைக் கஜம் தள்ளி இறங்கியது.

"ஆனா ஒண்ணு. இனிமே கிணறு மேட்டைச் சேர்ந்தது. உன் பேர்ல எழுத முடியாது."

ஜம்புலிங்கம் கிணற்றைப் பார்த்தார். அவருடைய அப்பன் வெட்டிய கிணறு. "தண்ணி எடுக்கலாமா?"

"யார் வேணா எடுக்கலாம்."

"எழுதிக்க சாமி."

ஜம்புலிங்கத்துக்குப் படிக்கத் தெரியாது; எழுதின காகிதத்தை வாங்கி உஸ்மான் கனியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். கேட்டதும் பிடுங்கி, கொஞ்சம் தள்ளிப் போய் ராஜசேகரனிடம் கொடுத்து, அவனையும் காதோடு படிக்கச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் படித்தார்கள்: கஜ மேடு, கிணறு உட்பட.

"இப்பவாச்சும் நம்பினியா அண்ணாத்தே?" என்றார் பாய்.

"வெளக்கு வெய்யி. சொவரு வெக்காத."

பாயும் ராஜசேகரனும் கல்லைக் குழியில் நிறுத்தினார்கள். கன்னியம்மாள் பிழியாத புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இனிமே துணிய எதுல தோய்க்கிறது?"

"திருமழிசைல ஒண்ணு வாங்கியாறேன்."

"இந்தவாட்டி நானும் வரேன்," என்றாள் அவள்.