கருநாக்குக்காரி மசித்த கிழங்கு

உருளைக்கிழங்கைப் பரம சாது என்று நினைப்பவர்கள், அதை மசித்து ஆறு மணி நேரம் வைத்திருந்து பார்த்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்கு ஜோதிமணி பாலும் வெண்ணெயும் விட்டுப் பருப்பு மத்தால் கடைந்து வைக்கும்போது அதைப் போல ஒரு சமத்து உலகத்திலேயே கிடையாது. நடுப்பகலில் திறந்தால் மேலே தோல் கட்டி, ஓரமெல்லாம் கோடைக்காலத்து ஏரி மாதிரி வெடித்துக் கிடக்கும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். ஆறின உருளைக்கிழங்குக்கு அந்த மரியாதைகூட இல்லை. அவள் புருஷன் சென்னப்பன் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைப்பான், அது தொண்டையில் நின்றுகொள்ளும், கண்ணில் தண்ணீர் முட்டும், கிண்ணத்தை இடது கையால் சுவர் ஓரமாகத் தள்ளிவிடுவான். வீட்டுவேலை முடிந்து மூன்று மணிக்கு வருகிறவளை அந்தக் கிண்ணம்தான் வரவேற்கும்.

வீம்புக்குத் தள்ளவில்லை, பாவம். தசராவுக்கு முந்தின அமாவாசையன்று மைசூரில் ஒரு மாடி வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்தான். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. வலது கையும் முறிந்தது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, ஆறு வாரம் கஞ்சித் தண்ணீரை உறிஞ்ச வைத்தார்கள். கம்பியை எடுத்துப் பத்து நாளாகிறது. கையில் மட்டும் மாவுக்கட்டு மிச்சம். மெத்தென்று மசித்ததைச் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். களி கிண்டிக் கொடுத்தாள், தாடையில் ஒட்டிக்கொண்டது. சோற்றைக் குழைத்துக் கொடுத்தாள், பருக்கை பல்சந்தில் சிக்கி உயிர் போனது. இறங்கியது உருளைக்கிழங்கு ஒன்றுதான், அதுவும் சூடாக, இளக்கமாக இருந்தால். அவனுக்கோ பசி என்று ஒன்று வருவது பன்னிரண்டு மணி சுமாருக்குத்தான். காலையில் வலி மாத்திரை மயக்கம். மூன்று மணிக்கு அவள் வந்து புதிதாக மசித்து நீட்டினால் அதற்குள் பசி செத்துப்போயிருக்கும்.

ஐம்பத்தெட்டு கிலோ இருந்த மனிதன் நாற்பத்தைந்துக்கு வந்துவிட்டான். வருகிற வெள்ளிக்கிழமை எடை பார்ப்பேன், ஏறவில்லையென்றால் மறுபடியும் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டியதுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

குழாய் ஒரு பயம் என்றால், ஜோதிமணிக்குத் தன் நாக்கு அதைவிடப் பெரிய பயம். நாவல்பழம் தின்ற கறை போல நாக்கின் நடுவில் ஒரு கரும்புள்ளி, பிறவியிலேயே உண்டு. கருநாக்கு. சொன்னால் பலிக்கும் என்று அவள் பிறந்த மார்டள்ளியில் பெரியவர்களே ஒதுங்கிப் போவார்கள். ஏழு வயதில் ஒரு மண்சுவரைப் பார்த்து இது விழப் போகுது என்றாளாம், விழுந்துவிட்டதாம். ஐப்பசி மழையில் மண்சுவர் விழாமல் மாளிகையாகவா மாறும்? இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்! அந்தப் புள்ளியைப் பொருட்படுத்தாமல் அவளைக் கட்டிக்கொண்டு வந்தவன் சென்னப்பன் ஒருவன்தான்.

அப்படிப்பட்டவனைத்தான் சபித்துவிட்டாள். மாதேஸ்வரன் மலைக்குச் சாமி கும்பிடக் கூட்டிப் போகிறேன் என்று நாலு அமாவாசையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஐந்தாவது அமாவாசைக்கு அவள் பையெல்லாம் கட்டி வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, தசராவுக்குள்ளே சுண்ணாம்பு அடித்து முடிக்கச் சொல்கிறார்கள் என்று வாளியும் மட்டையுமாகக் கிளம்பினான். வந்ததே கோபம்.

"வாயத் தொறந்தாப் பொய்யி! அந்த வாய் ஒடஞ்சு போவ உங்களுக்கு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். சபிக்கும்போதுகூட மரியாதை குறையவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏழு மணிக்குச் சொன்னாள், பதினொன்றுக்கு ஆள் வந்து சேதி சொன்னான்.

அன்றிலிருந்து அவனிடம் பேச்சே இல்லை. 'ம்' என்பாள், 'ம்ம்' என்பாள், அத்தோடு சரி. இன்னும் ஏதாவது நாக்கில் வந்து தொலைத்தால் என்ன செய்வது? கம்பியை எடுத்த பிறகு அவனும் அவளோடு பேசவில்லை. மெதுவாகப் பேசலாம் என்று டாக்டர் சொல்லியும் பேசவில்லை. கட்டிலில் கிடந்தபடி அவள் முகத்தையே பார்ப்பான். என்னால்தான் விழுந்தான் என்பது அவனுக்கும் தெரிந்திருக்கிறது, மன்னிக்க மனசு வரவில்லை என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள்.

இந்தக் கதையை அவள் அழுதுகொண்டே சொன்னது லக்ஷ்மிபுரத்தில் அவள் வேலை செய்யும் வீட்டு உமாதேவியிடம். டெலிபோன் ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயரான அம்மாள். அடுத்தவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர், ஆனால் தன் முறை வந்தால் நிறுத்தமாட்டார்.

"அய்யோ ராமா! காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதையா இருக்கே. சாரக் கயிறு இத்துப் போனா அதுக்கு உன் நாக்கா ஜவாப்தாரி? சும்மனே அழாதே, கண்ணைத் தொடை," என்றவர் பரண் மேலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே கனத்த பீங்கான் பாத்திரம், கண்ணாடி மூடி, கூடவே செங்கல் கனத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. "ஸ்லோ குக்கர். அமெரிக்காலேருந்து என் மகன் கட்டிக் கொடுத்தான். அந்த ஊர்க் கரண்ட்டும் நம்ம கரண்ட்டும் ஒத்துப்போகாது, அதுக்குத்தான் இந்தப் பெட்டி நடுவுல. மருமக இதுல காலையில கிழங்கை மசிச்சு வச்சா, விருந்து வரைக்கும் வெண்ணெயாட்டம் இருக்கும். நான் கண்ணால பார்த்தேன்."

பிறகு விரல் விட்டுச் சொன்னார். பாத்திரத்தில் வெண்ணெய் தடவு. கிழங்கைச் சூட்டோடு மசி, பாலும் சூடாக விடு, வழக்கத்தைவிட ஸ்வல்ப இளக்கமாகவே இருக்கட்டும். மேலே இரண்டு கரண்டி பாலை ஊற்று. குமிழைக் குறைந்த சூட்டில் வை. "அப்புறம் முக்கியமானது கேளு. மூடியைத் திறக்காதே. ஆவி மேலே போய்த் தண்ணியாகித் திரும்ப அதுலயே விழணும். நீ திறந்தியோ, எல்லாம் போச்சு."

சனிக்கிழமை எல்லாம் சொன்னபடி செய்துவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். மூன்று மணிக்கு வந்தால், சுவர் ஓரத்தில் கிண்ணம். பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அமெரிக்காவிலிருந்து வந்த சாமான்கூட என் கையில் விளங்கவில்லையே என்று நினைத்தாள். அப்புறம்தான் கண்ணில் பட்டது, மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் செருகியிருந்த கரண்டி. சோறு பொங்கி வழியாமல் இருக்க மூடியை ஒருக்களித்துக் கரண்டி கொடுத்து வைக்கிற கை, இதற்கும் அப்படியே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. சந்து வழியாக ஈரம் மொத்தமும் வெளியேறிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. ஆறு மணிக்கு மூடினாள். கரண்டியைக் கொண்டுபோய் அடுப்படி மூலையில் ஒளித்து வைத்துவிட்டு வந்து பாத்திரத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். இன்று கிழங்கு இளக்கம் குறையாமல் நின்றால் நாளையிலிருந்து வெள்ளி வரைக்கும் நிற்கும், மனுஷன் தப்பித்தான். நிற்காவிட்டால் குழாய்தான்.

மார்கழி பிறக்கப் போகிற பனி. வித்யாரண்யபுரத்து அந்த ஒற்றை அறையின் ஜன்னலில் சாமுண்டி மலை தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருந்தது. இரும்புப் பெட்டி 'ங்ங்' என்று மெல்ல ரீங்கரித்தது. கண்ணாடி மூடியின் உட்புறம் முதலில் மங்கியது, பிறகு புள்ளி புள்ளியாக நீர் கோத்தது. ஒரு புள்ளி இன்னொன்றைத் தேடிப் போய்ச் சேரும், இரண்டும் கனத்து, நடுங்கி, ஓரத்துக்கு வழிந்து கிழங்கிலேயே விழும். மறுபடி மங்கும். பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண் சொருகியது. வெளியிலிருந்த பனி உள்ளே வந்து மூடிக்கடியில் புகுந்துகொண்டதா, உள்ளேயிருந்த ஆவிதான் போய் மலையை மூடிவிட்டதா என்று தெரியவில்லை. மாதேஸ்வரன் மலைக்குப் போகிற கொள்ளேகாலத்து பஸ் வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஈரம். பக்கத்தில் சென்னப்பன் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்து, வாய் ஓயாமல் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தான், ஒரு சொல்லும் காதில் விழவில்லை. விழாவிட்டால் என்ன, உதடு அசைகிறதே என்று அவளுக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. கை நீட்டி அவன் தாடையைத் தொட்டாள், வெதுவெதுவென்று இருந்தது.

ரீங்காரம் நின்றது. விழித்துக்கொண்டாள். கரண்ட் போய்விட்டது. மணி பதினொன்று.

பதறிப்போய் மூடியின் குமிழில் கை வைத்தாள். உள்ளே காய்ந்துவிட்டதா, ஆறிவிட்டதா, ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.

"ம்ஹூம்," என்றது கட்டில்.

திரும்பினாள். சென்னப்பன் எழுந்து உட்கார்ந்திருந்தான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். எவ்வளவு நேரமாக அவனும் அந்த மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தானோ! அவள் கையை எடுத்துக்கொண்டாள். இருபது நிமிஷம் இரண்டு பேரும் அசையாமல் இருந்தார்கள். பெட்டி மறுபடி முனகியதும் அவள் விட்ட மூச்சு கண்ணாடி மூடியின் வெளிப்பக்கத்திலும் ஒரு மங்கலைப் போட்டது.

பன்னிரண்டு மணிக்குத் திறந்தாள். குப்பென்று வெண்ணெய் வாசனை. தோல் இல்லை, வெடிப்பு இல்லை. கரண்டியை விட்டால் அப்படியே அமிழ்ந்தது. மாதேஸ்வரா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, கிண்ணத்தில் போட்டு அவன் மடியில் வைத்தாள். ஒரு வாய் எடுத்தான், இறங்கியது. இன்னொரு வாய். கண்ணில் தண்ணீர் வரவில்லை. கிண்ணத்தின் அடியைக் கரண்டி சுரண்டுகிற சத்தம் கேட்டபோது அழுகை வந்தது அவளுக்குத்தான்.

"ஜோதி."

துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு குரல். இரண்டு மாசத்துக்கு அப்புறம்.

"என்னுங்க?"

"உன்ற நாக்கு சொன்னாப் பலிக்குமில்ல?"

இதோ வந்துவிட்டது என்று நினைத்தாள். "தெரியாமச் சொல்லிப்போட்டனுங்க. கோவத்துல வாயில வந்துருச்சுங்க. என்ற நாக்க அறுத்துப் போட்டாலும்..."

"அட, அதில்ல புள்ள." தாடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் இளைப்பாறினான். "எல்லாஞ் சரியாயிருமுன்னு ஒருக்காச் சொல்லேன். ரெண்டு மாசமா எப்பச் சொல்லுவீன்னு உன்ற மொகத்தையே பாத்துட்டுக் கெடக்கறன். நீ வாயவே தொறக்க மாட்டீங்கற."

ஜோதிமணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பார்வை கோபமே இல்லையா? அறுபது நாளாக இவன் காத்துக் கிடந்தது இதற்கா? கெட்டது பலிக்கும் என்று நடுங்கினாளே ஒழிய, நல்லதைச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லையே! அடிப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"சரியாயிருமுங்க," என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். "எல்லாஞ் சரியாயிருமுங்க. வெள்ளிக்கெழம தராசு முள்ளு மேல ஏறும். கொழாயும் வேண்டாம், கிழாயும் வேண்டாம். கைக்கட்டு அவுத்துப்போடுவாங்க. தை பொறந்தாக் கறிச்சோறு மென்னு திம்பீங்க, எலும்பக் கடிச்சுத் துப்புவீங்க." சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. இரண்டு மாசத்துப் பேச்சு.

அவன் சிரித்தான். இடது பக்கம் மட்டும்தான் சிரிப்பு வந்தது.

"மலைக்குப் போவமுன்னும் சேத்திச் சொல்லிப்போடு. நாஞ் சொன்னாப் பொய்யாப் போயிருது."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மலைக்குப் போவமுங்க. ரெண்டு பேருமே. தை அமாவாசைக்கு."

சென்னப்பன் தலையாட்டிவிட்டு, காலிக் கிண்ணத்தை இடது கையால் அவள் பக்கமாகத் தள்ளினான்.