பன்னிரண்டு பேர், பதினான்கு நாள்

பன்னிரண்டு பேர் வேண்டும். பதினான்கு நாள் விடாமல் என் ஆப் அவர்கள் கைப்பேசியில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஆப் கடையில் அதை எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். நடுவில் ஒருவர் அழித்தாலும் நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

பங்சாரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் எனக்கு வேலை. மூன்று மாதச் சம்பளமில்லா விடுப்பில் இருந்தேன். முப்பதாம் தேதியோடு அது முடிகிறது. அதற்குள் ஆப் கடைக்கு வந்துவிட்டால் வேலையை விடலாம். ஆறு மாதம் என் கணவர் குருவின் சம்பளத்தில் ஓட்டலாம். வராவிட்டால் ஒன்றாம் தேதி காலை எட்டரைக்கு என் பழைய நாற்காலி. எனக்கும் குருவுக்கும் இடையே அதுதான் பேச்சு.

"பன்னெண்டு பேர்தானே அனு," என்றார் குரு. அன்று தேதி இரண்டு.

ஆப் முந்நூற்றுநாலு சீட்டாட்டத்துக்குப் புள்ளி வைக்கும். நான்கு பேர், இரண்டு கட்சி. இத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஒரு கட்சி கேட்கும், எடுக்காவிட்டால் தோற்கும். குருவின் பெரியப்பா வீட்டுத் தீபாவளி விருந்தில் ஓர் ஆட்டம் பார்த்தேன். சீட்டுப் போட்டது பத்து நிமிடம். யார் எத்தனை எடுத்தார்கள் என்று சண்டை போட்டது நாற்பது நிமிடம். அதை ஒரு குறை என்று நினைத்தேன். குறையைச் சரிசெய்ய இரவுகளிலும் பிறகு விடுப்பிலுமாக எட்டு மாதம் உட்கார்ந்து ஆப் எழுதினேன். எடுத்த சீட்டுகளைக் கைப்பேசிக் கேமராவிடம் காட்டினால் போதும். புள்ளி வந்துவிடும். பேச்சே வேண்டாம்.

விளம்பரத்துக்கு நாற்பது தாள் அச்சடித்தோம். சுருக்கமாக இருக்கட்டும் என்று நானே வாசகம் எழுதினேன்: 'நாலு பேர் போதும். எந்த இடமானாலும் சரி. இப்போதே அழைக்கவும்.' கீழே குருவின் எண். மூலையில் சிறியதாக ஒரு சீட்டுக்கட்டு. பிரிக்ஃபீல்ட்ஸ் விளக்குத் தூண்களில், ஏற்கெனவே நோட்டீஸ் ஒட்டியிருந்த இடங்களாகப் பார்த்து ஒட்டினோம். அங்கேதான் மக்கள் படிப்பார்கள்.

ஒரு மணி நேரத்தில் முதல் அழைப்பு. குரு ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, பீரோ ஒன்னு, பிரிஜ் ஒன்னு, கட்டில் ரெண்டு. நாலு பேர் பத்துமா?"

"எதுக்கு?"

"வீடு மாத்த. சுங்கை வேயிலருந்து கேரி தீவு."

"இது சீட்டு விளையாடுற ஆப், பாஸ்."

"லோரி இல்லையா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் லா லோரி நோட்டீஸ் பக்கத்துல ஒட்டுறீங்க?"

மாலைக்குள் ஒன்பது அழைப்பு. ஒன்பதும் லோரிக்கு. மறுநாள் 'லோரி இல்லை' என்று சொல்வதைக் குரு நிறுத்திவிட்டார். அவர் டியூஷன் ஆசிரியர். காலையில் வேலை இல்லை. மாணவர் ஒருவரின் அப்பாவிடம் மூன்று டன் லோரி இருந்தது. அதை இரவல் வாங்கினார்.

"பாவம், வீடு மாத்தணும்ல," என்றார்.

ஆனால் ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் எனக்காக ஒரு கேள்வி கேட்டார். "முந்நூத்திநாலு விளையாடுவீங்களா?" பலர் வைத்துவிட்டார்கள். முதல் அழைப்பில் பீரோ, கட்டில் சொன்ன லோகனைக் குருவே திரும்பக் கூப்பிட்டார். அவர் மட்டும் வைக்கவில்லை.

"விளையாடுவேனாவா? கிள்ளான்ல வந்து கேளுங்க. தயர் கடைக்குப் பின்னால மூணு மேச. டெய்லி மூணு மணிக்கு."

மூன்று மேசை. மேசைக்கு நான்கு பேர்.

மேசை என்றால் லோரி டயரின் மேல் பலகை. கடை ஜெயராஜுடையது. பக்கத்தில் மாரியாயியின் டீக் கடை. ஏழாம் தேதி போய்ப் பன்னிரண்டு கைப்பேசியிலும் ஆப்பை நானே ஏற்றினேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற சின்னையா தன் கைப்பேசியைக் கடைசியாகத்தான், அதுவும் கேள்வி கேட்டுவிட்டுத்தான் தந்தார்.

"காசு வச்சு ஆடுறதா? போலீஸ் வருமா?"

"இல்ல அங்கிள். புள்ளி மட்டுந்தான்."

"தோத்த கட்சி டீ எடுத்துட்டு வரணும். அதுக்கு வருமா?"

"வராது அங்கிள்."

"மாரியாயி போடுற டீக்கு வரணும்," என்றார் ஜெயராஜ்.

"உனக்கு இன்னிக்கு டீ கிடையாது," என்று கடைக்குள்ளிருந்து மாரியாயி சொன்னார்.

நான்காம் நாள் பார்க்கப் போனேன். டயருக்குக் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது. வேறு சத்தம் இல்லை. ஓர் ஆட்டம் முடிந்தது. நால்வரும் கைப்பேசியைப் பார்த்தார்கள்.

"நூத்தி அறுவத்தெட்டு."

"ம்."

அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுப் போட்டார்கள். நான்கு மணிக்கு எழுந்து வீட்டுக்குப் போனார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. மாரியாயி என்னைக் கூப்பிட்டு வடைத் தட்டைக் காட்டினார். நிறைந்திருந்தது.

"ஒரு நாளைக்கு எண்பது வட போவும். நேத்து இருபத்தொன்னு. என்னாம்மா செஞ்ச இவங்கள?"

பன்னிரண்டாம் தேதி காலை என் திரையில் பதினொன்று என்று காட்டியது. சின்னையா அழித்துவிட்டார். கிள்ளானுக்குக் கார் எடுத்தேன்.

"ஏன் அங்கிள்?"

"அது பொய் சொல்லுது."

"கேமரா பாத்துச் சொல்லுது."

"முப்பத்திரெண்டு வருஷம் கிரேன் ஓட்டுனவன். எனக்குக் கண்ணு இல்லையா?"

"கண்ணு இருக்கு. கணக்குதான் இல்ல," என்றார் ஜெயராஜ்.

"நீ பேசாத லா. ஒரு தயருக்கு ரெண்டு ஓட்ட காட்டுறவன்."

சின்னையாவின் மேசையில் பழையபடி பாட்டில் மூடிகள் வந்துவிட்டன. ஓர் ஆட்டம் வென்றால் எதிர்க்கட்சியிடமிருந்து ஒரு மூடி. சின்னையாவின் கட்சி வென்றது. அவர் இரண்டு மூடியை இழுத்தார். எதிரே இருந்த லோகன் பார்த்தார். ஜெயராஜ் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

சண்டை அந்த மூடியில் தொடங்கி, முந்தைய ஆட்டத்துக்குப் போய், போன வியாழக்கிழமைக்குப் போய், இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ஆட்டத்தில் நின்றது. அதற்குச் சாட்சி சொல்ல அடுத்த மேசை எழுந்து வந்தது. சின்னையாவின் முகம் மலர்ந்திருந்தது. மாரியாயி பதினொரு வடை விற்றார். நான் எண்ணினேன்.

காருக்குள் உட்கார்ந்து இன்னொன்றையும் எண்ணினேன். பதினாறாம் தேதிக்குள் புதிதாகத் தொடங்காவிட்டால் பதினான்கு நாள் கிடைக்காது. நான்கு நாள் இருந்தது.

கேமரா பகுதியைத் தூக்கினேன். அதற்குத்தான் ஐந்து மாதம் ஆகியிருந்தது. புள்ளியை ஆட்டக்காரர்களே போடட்டும் என்று விட்டேன். ஒரு பெரிய சிவப்புப் பொத்தான் வைத்தேன். 'ஒத்துக்க மாட்டேன்.' யார் அழுத்தினாலும் அந்த ஆட்டத்தின் புள்ளி நான்கு கைப்பேசியிலிருந்தும் மறைந்துவிடும். நால்வரும் சரி என்று அழுத்தும்வரை திரும்ப வராது. ஆப் எந்தக் கட்சியிலும் சேராது.

குரு அழுத்திப் பார்த்தார். "நம்ம வீட்டுக்கும் ஒன்னு செய்யலாம்," என்றார்.

பதினைந்தாம் தேதி எல்லோருக்கும் புதிய ஆப். சின்னையா கைப்பேசியை வாங்கியதும் அழுத்தினார்.

"இன்னும் ஆடவே இல்ல அங்கிள்."

"கை பழகட்டும்."

முதல் நாள் மூன்று மேசையிலுமாகப் பொத்தான் அறுபத்தொரு தடவை அழுத்தப்பட்டது. நான்கு மணிக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. ஐந்தரைக்கு வடை தீர்ந்தது.

பன்னிரண்டு பேர், பன்னிரண்டு நாள் அப்படியே நின்றார்கள். இருபத்தேழாம் தேதி லோகன் வீடு மாற்றினார். குருவும் லோரியில் போனார். பாதி வழியில் அவர் எனக்கு ஃபோன் செய்தார்.

"லோகன் போன்ல இடம் இல்லையாம். புது வீட்ட வீடியோ எடுக்கணுமாம். எதையாவது அழிக்கப் போறாராம்."

"எத?"

"அதத்தான் கேட்டுட்டு இருக்கேன்."

கேரி தீவுப் பாலம் தாண்டும்வரை லோரியில் உட்கார்ந்து குரு இரண்டாயிரத்து முந்நூறு காலை வணக்கப் படங்களை ஒவ்வொன்றாக அழித்தார். பூ, சூரியன், தேநீர்க் கோப்பை. லோகன் ஒரு பிள்ளையாரை மட்டும் அழிக்க விடவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி பதினான்கு நாள் முடிந்து விண்ணப்பம் திறந்தது. அதில் ஒரு கேள்வி: உங்கள் ஆப்பை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? இரண்டு பத்தி எழுதினேன். அழித்தேன். 'புள்ளியை மறுக்கப் பயன்படுத்துகிறார்கள். மறுத்தபின் நெடுநேரம் இருக்கிறார்கள்' என்று எழுதி அனுப்பினேன்.

முப்பதாம் தேதி வீட்டில் இருக்க முடியவில்லை. குருவோடு டயர் கடைக்குப் போனேன். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு மின்னஞ்சல் வந்தது. இரண்டு முறை படித்தேன்.

"கடைக்கு வந்துருச்சு," என்றேன்.

"யாரு சொன்னா?" என்றார் சின்னையா.

கைப்பேசியைக் காட்டினேன். கண்ணாடி போட்டு மெதுவாகப் படித்தார். விடுப்பைப் பற்றிய எங்கள் பேச்சைக் குரு அங்கே எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

"உன் லீவு எப்ப முடியுது?"

"முப்பது அங்கிள். இன்னிக்கு."

"முப்பதுக்குள்ளன்னா முப்பதச் சேத்தா, சேக்காமலா?"

"சேத்துதான்," என்றார் ஜெயராஜ்.

"சேக்காம. நேத்தே முடிஞ்சிருச்சு. நீ நாளைக்கு வேலைக்குப் போவணும்."

"கொடுத்த நாள முழுசா கொடுக்கணும் லா."

"எந்தச் சட்டத்துல?"

சின்னையா தன் கைப்பேசியை எடுத்துச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். மேசையில் நடந்துகொண்டிருந்த ஆட்டத்தின் புள்ளி மறைந்தது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று லோகன் கேட்டார். அடுத்த மேசை எழுந்து வந்தது. மாரியாயி எண்ணெயில் இன்னொரு ஈடு வடை போட்டார்.

ராஜினாமாக் கடிதத்தை இரண்டு மாதத்துக்கு முன்பே எழுதி வைத்திருந்தேன். அவர்கள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் அனுப்பிவிடுவது நல்லது என்று பட்டது. அனுப்பினேன். ஒரு வடை வாங்கிக்கொண்டு, அனுப்பியதைக் குருவிடம் காட்டப் போனேன்.

அவர் டயர் அடுக்குக்குப் பின்னால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றார். மறு காதில் கைப்பேசி. நான் நீட்டிய திரையைப் பார்த்துத் தலையாட்டினார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"பியானோ இல்லல்ல?" என்று ஃபோனில் கேட்டார். "அப்ப நாலு பேர் போதும்."