கலகெதர வயலில் எழுந்தருளியவள்

கலகெதரவுக்கு அப்பால் ஒரு தரிசு வயலில், மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஆவணி மாதம், பாடகி நிலூஷா தரையை விட்டு இரண்டடி மேலே போனாள், இன்னும் இறங்கவில்லை. அந்த வாரம் பச்சை மிளகாய் விலையும் ஏறியிருந்தது. ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

எல்லாம் மரியநாயகத்தால் வந்தது. சட்டதிட்டத்தை மதிக்காத நீளமுடிக்காரர்கள் வயலொன்றில் இசைவிழா நடத்தப் படும் பாட்டைச் சிரிப்புப் படமாக எடுக்க வந்த ரொஹான், “கச்சேரி தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களா?” என்று மஹய்யாவையில் கேட்டான். சனங்கள் மரியநாயகத்தின் வீட்டைக் காட்டினார்கள். அவர் அரசாங்கக் கச்சேரியில் நாற்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர்; பாட்டுக்கச்சேரி பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. ஆனால் அவர் நிரப்பிய படிவம் ஒன்றுகூடப் பிழையென்று திரும்பியது கிடையாது. சாகும்வரை அப்படியே இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசையும் இல்லை.

கலகப் படக்காரர்களுக்கு ஆறு அனுமதி தேவைப்பட்டது. ஐந்தை ஒரு கிழமையில் முடித்தார். ஆறாவது ஒலிபெருக்கிப் படிவம். அதில் மூன்றே கட்டங்கள்: மரணவீடு, அரசியல் கூட்டம், திருவிழா. பிணமும் இல்லை, எம்பியும் இல்லை; மூன்றாவதில் சரி போட்டார். கீழே ‘எழுந்தருளும் புனிதர்’ என்றொரு கட்டம். வெறுமையாக விட மனம் வராமல் படத்தின் கதாநாயகி நிலூஷாவின் பெயரை எழுதினார்.

படப்பிடிப்பு நாளில் ஒலிபெருக்கி அனுமதி கொடுக்கும் அதிகாரி ஸெய்னுலாப்தீன் பார்க்க வந்தார். மேடையில் நிலூஷா, கிழிந்த டெனிமும் கித்தாருமாக நின்றாள்.

“திருவிழாண்டு போட்டிருக்கீங்க. புனிதர் எங்க, மிஸ்டர் மரியநாயகம்? ஃபோம் பொய்யிண்டா கரண்ட வெட்டச் சொல்லணும்.”

மரியநாயகம் படிவத்தை வாங்கி ஒவ்வொரு கட்டமாக வாசித்தார். ரொஹான் காதுக்குள், “பிழைன்னு ஒத்துக்கோங்க அங்கிள், கால்ல விழுந்தாவது கேப்போம்” என்றான். கலகப் படம் எடுப்பவன்!

“ஃபோம் சரி,” என்றார் மரியநாயகம். “எழுந்தருளும்னு போட்டிருக்கு. எழுந்தருளுவாங்க.”

நிலூஷா எழுந்தருளினாள்.

ஸெய்னுலாப்தீன் உயரத்தைக் கண்ணால் அளந்தார். “பத்து மணிக்கு ஸ்பீக்கர நிப்பாட்டிடுங்க” என்று ஒப்பமிட்டுப் போனார். ரொஹான் மைக்கை இரண்டடி உயர்த்திக் கட்டச் சொன்னான்.

“அங்கிள், நான் எப்ப இறங்குறது?”

மரியநாயகம் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். “இறங்குறதுக்குக் கட்டம் இல்ல மகள்.”

படம் தியேட்டரில் ஒரு கிழமை ஓடியது. மரியநாயகம் போன வருடம் பிழையில்லாமல் செத்துப்போனார். நிலூஷா கடுகண்ணாவையில் கலியாணம் கட்டி இருக்கிறாள். கண்டி பஸ்ஸில் தலை இடிக்கிறது என்பதைத் தவிர முறைப்பாடு ஒன்றும் இல்லை. கொண்டக்டர் அவளையும், மற்றவர்களைப் போலவே, இன்னும் கொஞ்சம் உள்ளுக்குப் போகச் சொல்கிறான்.