இரண்டாம் கியர் வாசலோடு நின்றாள்

எங்கள் ஊரில் கார்களுக்குள் கியர் இருப்பதில்லை. கியர்கள் தெற்குத் தெருவில் தனித்தனி வீடுகளில் குடியிருக்கின்றன. ஓட்டுநர் தேர்வுக்குப் போகிறவர்கள் முந்தின நாள் வெற்றிலைத் தட்டோடு ஒவ்வொரு வீட்டுக்கும் போய், உட்கார்ந்து பேசி, பத்திரிகை வைத்து அழைக்க வேண்டும். மறுநாள் காலையில் வந்து வண்டியில் ஏறிக்கொள்வார்கள். கிளட்சை மிதித்ததும் ஒருவர் எழுந்துகொள்வார், அடுத்தவர் அந்த இடத்தில் உட்காருவார். எழுகிறவர் சரியாக எழுவதற்குள் கிளட்சிலிருந்து காலை எடுத்தால் ஒருவர் மடியில் இன்னொருவர் உட்கார்ந்துவிடுவார். அந்தச் சத்தம் ஊருக்கே கேட்கும்.

நான் ஏற்கெனவே இரண்டு முறை தவறியிருந்தேன். மூன்றாவது முறையும் தவறினால் ஆயுளுக்கும் பின்சீட்டுதான். வண்டியில் மட்டுமல்ல, வீட்டிலும். என் நாத்தனார் மாடத்திக்கு அப்படித்தான் ஆயிற்று. லைசென்ஸ் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்து அவள் வீட்டு ஹாலில் ஒரு பின்சீட்டைப் பொருத்திவிட்டுப் போனார்கள். நான்கு வருஷமாக அதில் உட்கார்ந்துதான் கீரை ஆய்கிறாள், மருமகளை ஏசுகிறாள். பின்சீட்டில் இருப்பவர்களுக்கு மற்றவர்களின் பின்மண்டைதான் தெரியும். பேரன் பிறந்து பத்து மாதம் ஆகிறது. அவன் முகத்தை அவள் இன்னும் பார்க்கவில்லை.

அதனால் இந்த முறை ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று கிளம்பினேன். முதல் கியர் வீட்டில் இரண்டு காப்பி குடித்தேன். மூன்றாம் கியர் வீட்டில் அவருடைய சம்பந்தி சண்டை முழுவதையும் கேட்டேன். நான்காம் கியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பத்திரிகையை வாங்கிக்கொண்டார். ரிவர்ஸ் கியர் முதுகைக் காட்டிக்கொண்டு வரவேற்றாள். இரண்டாம் கியர் வீடு மட்டும் பூட்டியிருந்தது. எனக்கோ அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தோமோ என்று ஒரே படபடப்பு. பத்திரிகையை ஜன்னல் கம்பியில் சொருகிவிட்டு ஓடிவந்தேன். வந்து பார்த்தால் அன்றைக்குப் பாலே வாங்கியிருக்கவில்லை.

மறுநாள் முதல் கியர் ஏறியதும் வண்டி ஒரு சாண் தாழ்ந்தது. மூன்றும் நான்கும் ஏறினார்கள். ரிவர்ஸ் பின்கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தாள். நியூட்ரலை யாரும் அழைப்பதில்லை. அவர் எல்லா விசேஷத்துக்கும் வருவதுபோல் வெற்றிலைப் பெட்டியோடு வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டார். இரண்டாம் கியர் வரவில்லை.

ஆனால் தேர்வு மைதானத்தில் இருந்தாள். பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, கேட்டுக்கு வெளியே புங்கை மரத்தடியில் நின்றாள். வந்திருப்பதை எல்லோரும் பார்க்க வேண்டும், உள்ளே வராததையும் எல்லோரும் பார்க்க வேண்டும். அதற்குத் தோதான இடம் அது.

பிரேக் இன்ஸ்பெக்டர் என் பக்கத்தில் ஏறி அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். “எட்டு போடுங்க. அப்புறம் ரெண்டு, மூணு, நாலு. கடைசியா ரிவர்ஸ். நடுவுல வண்டி நிக்கக் கூடாது” என்றார்.

முதல் கியரில் எட்டு போட்டேன். “ரெண்டு” என்றார். போட ஆள் இல்லை. வண்டியும் நிற்கக் கூடாது. ஆகவே இன்னொரு எட்டு போட்டேன். எட்டின் மேல் வளைவு கேட்டை ஒட்டிப் போகும். அங்கே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன்.

“மதினி, உள்ள வாங்க!”

“யாரது? ஆளு தெரியலையே.”

வண்டி திரும்பிவிட்டது. கீழ் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தேன்.

“நான்தான் மதினி, பேச்சித்தாயி.”

“எனக்குத் தெரியாது. எங்க வீட்டு ஜன்னலுக்குத் தெரியும். ஜன்னலத்தான அழைச்சிருக்கா? அது வரும்.”

மூன்றாம் கியர் பின்னாலிருந்து, “அவ கெடக்கா, நான் வாரேன்” என்று பாதி எழுந்தார். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். “ஒண்ணுலருந்து மூணா?”

“இல்ல சார், அண்ணாச்சி வேட்டியச் சரி பண்ணுதாரு” என்றேன். மூன்றாம் கியர் உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். மறுபடி கேட்டை ஒட்டி வந்தேன்.

“வீடு பூட்டிக் கெடந்துச்சு மதினி.”

“பூட்டுன வீட்டுக்குத் திரும்ப வந்தா காலு தேஞ்சிருமோ? ஒண்ணாம் கியர் வீட்டுல மட்டும் ரெண்டு காப்பி குடிச்சியாம்லா?”

நான் முதல் கியரைப் பார்த்தேன். அவர் வெளியே பார்த்தார். பார்த்தபடியே, “தாயி, எனக்கு முட்டு வலிக்கி. சீக்கிரமா அவளச் சமாதானம் பண்ணு” என்றார்.

அடுத்த வளைவில் இரண்டாம் கியர் அழுதுகொண்டிருந்தாள். “எல்லாரும் கெளம்பும்போது ஒண்ணாமத்தவரக் கும்பிடுதீக. வேகமாப் போகும்போது நாலாமத்தவரப் புகழுதீக. நடுவுல இழுத்துக் குடுத்தவள எவ நெனைக்கா? எந்த வீட்டுலயும் எனக்கு ரெண்டாம் பந்திதான்.”

இன்ஸ்பெக்டர் தாளில் கோடு கிழித்து எண்ணினார். “பதினோரு எட்டு ஆச்சு. பெட்ரோல் இருக்கா?”

எனக்கு மாடத்தியின் பின்சீட்டு ஞாபகம் வந்தது. “சித்தப்பா, ரெண்டு வெத்தல குடுங்க” என்று நியூட்ரலைக் கேட்டேன்.

“சுண்ணாம்பு தடவிட்டேன். பரவால்லையா?”

முந்தானையால் சுண்ணாம்பைத் துடைத்தேன். தட்டு இல்லை. “சார், அந்த அட்டைய ஒரு நிமிஷம் குடுங்க.” அவர் தாளை எடுத்துக்கொண்டு அட்டையைக் கொடுத்தார். அதில் வெற்றிலையை வைத்து, வளைவு வந்ததும் ஒரு கையால் வண்டியைத் திருப்பிக்கொண்டே மறு கையால் ஜன்னல் வழியாக நீட்டினேன்.

“மதினி, இன்னிக்கு எங்க வீட்டு விசேஷம். நீங்க முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்.”

அவள் கேட்டைத் தாண்டி வந்து வண்டியோடு நடந்தாள். “எங்க வீட்டுக்காரருக்குத் தனியாச் சொல்லணும்.”

“சொல்லுதேன்.”

“மொதப் பந்தி?”

“மொதப் பந்தி, மொத இலை.”

வெற்றிலையை எடுத்துக்கொண்டு ஏறினாள். கிளட்சை மிதித்தேன். முதல் கியர் முட்டைப் பிடித்துக்கொண்டு எழும்வரை பொறுத்திருந்தேன். அவள் கொசுவத்தைச் சரிசெய்து உட்கார்ந்த பிறகுதான் காலை மெல்ல எடுத்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. நேர் பாதையில் மூன்றாம் கியருக்கும் நான்காம் கியருக்கும் அப்படியே இடம் விட்டேன். கடைசியில் ரிவர்ஸ், போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் அட்டையை வாங்கி, சுண்ணாம்புக் கறையின் மேலேயே தாளை வைத்து, பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அழைத்தவர்கள்தான் கொண்டுபோய் விட வேண்டும். ஒவ்வொருவராக அவரவர் வீட்டில் இறக்கினேன். நியூட்ரல் வழியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்த்ததும் இறங்கிக்கொண்டார். முதல் கியர் மட்டும், “ஒங்க வீட்டுல ஒரு காப்பி குடிச்சிட்டுப் போறேன்” என்றார். அவரை வைத்துக்கொண்டு வீடு வந்து சேர நேரமாகிவிட்டது.

வீட்டில் ஆபீஸ்காரர்கள் ஒரு பின்சீட்டைக் கொண்டுவந்து சமையலறையில் பொருத்தியிருந்தார்கள். மூன்றாவது முறை என்பதால் முன்கூட்டியே வந்துவிட்டார்களாம். அதைக் கழற்றுவதற்குத் தனி விண்ணப்பம் கொடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் அதில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையில் ஒரு பத்திரிகை. வெள்ளிக்கிழமை இரண்டாம் கியர் வீட்டில் காது குத்து.

“ரெண்டாமத்தவ இப்பத்தான் நடந்து வந்து ஜன்னல்ல சொருகிட்டுப் போனா” என்றார்.

“கதவு பூட்டியிருந்துச்சா?”

“தொறந்துதான் கெடந்துச்சு. நானும் இங்கதான் உக்காந்திருந்தேன்.”

நானும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போவது, வாசலோடு நிற்பது என்று அப்போதே முடிவுசெய்தேன். முதல் கியர் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். காப்பிக்குப் பால் வைத்து அடுப்பைப் பற்றவைத்தேன். சமையலறை மெதுவாகக் கிளம்பித் தெருவில் இறங்கியது.

“முன்னால பாத்துக் காப்பி வை” என்றார் என் வீட்டுக்காரர் பின்சீட்டிலிருந்து.

தேரடித் திருப்பம் தெரிந்தது. அதை இரண்டாம் கியரில்தான் திரும்ப வேண்டும். நான் பாலை இறக்கிவைத்துவிட்டு வெற்றிலைத் தட்டைத் துடைத்தேன்.