கட்டளை இல்லாமல் வந்த வரி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதில்லை, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது என் நாத்தனார் பேச்சுவாக்கில் சொன்னதை நான் பிடித்து வைத்துக்கொண்டேன்.

லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனமொன்றின் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு வேலை. அறை என்றால் ஒரு மேசை, இரண்டு தொலைபேசி, காற்று வராத ஒரு ஜன்னல். எங்காவது லிஃப்ட் நின்றுபோனால் அழைப்பு அவளுக்கு வரும். நாற்பது மெக்கானிக்குகள் இருக்கும் அரட்டைக் குழுவில் முகவரியைப் போடுவாள். யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் போக வேண்டும்.

2

முதல் தொடக்கம்:

இயந்திரங்களுக்கு இரக்கம் கிடையாது என்பதை அவள் ஒரு வியாழக்கிழமைப் பிற்பகலில்

[இதற்கு மேல் ஓடவில்லை. நாத்தனார் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள்.]

"ஏன் அண்ணி, எழுதுறவங்களுக்கெல்லாம் மெஷினைப் பாத்தாலே வில்லனாத்தான் தெரியுமா? அது நான் பெத்ததாக்கும்."

"பெத்ததா?"

"பதினோரு வாரம் சுமந்திருக்கேன். சாப்பாட்டு நேரமெல்லாம் அதுக்கே போச்சு. உங்க தம்பிகூட அவ்வளவு நேரம் என்கூடப் பேசினதில்ல."*

* என் தம்பியைத்தான் அவளுக்குக் கட்டிவைத்தோம். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. அவன் வாயே திறக்க மாட்டான் என்பது உண்மை. அவனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

3

சரி, அவள் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

குழுவில் முகவரி போட்டால் அதன் கீழே காலை வணக்கப் பூ வரும், கிரிக்கெட் வரும், யாரோ ஒருவரின் மச்சான் வாங்கிய புது வண்டி வரும். முகவரி மேலே போய்விடும். ஒருமுறை ஒரே கட்டடத்துக்கு மூன்று பேர் போய் நின்றார்கள். இன்னொரு கட்டடத்தில் வயதான தம்பதி லிஃப்டுக்குள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாளே அவள் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள்.

அப்படிப் பிறந்ததுதான் பாட் என்கிற தானியங்கி. குழுவில் உட்கார்ந்துகொண்டு, சொன்ன கட்டளையைச் செய்யும். அவள் /பழுது என்று போட்டால் முகவரி உச்சியில் ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக் /எடுத்தேன் என்றால் அவர் பெயருக்கு வேலை பதிவாகும். /முடிந்தது என்றால் முகவரி இறங்கும். நாற்பது நிமிடத்தில் முடியாவிட்டால் பாட் தானாகவே பக்கத்திலிருக்கும் இரண்டாவது ஆளைக் கூப்பிடும். ஒரு பழுது நடப்பில் இருக்கும்போது கட்டளை இல்லாமல் வரும் எதுவும் சத்தமில்லாமல் அழிக்கப்படும்; அனுப்பியவரின் வாய் கால் மணி நேரம் கட்டப்படும்.

"வாத்தியாரம்மா வந்துட்டாங்கடா" என்று மெக்கானிக்குகள் கேலி செய்தார்கள். ஆனால் முதல் மூன்று நாளில் ஒரு முகவரிகூடத் தொலையவில்லை. மேனேஜர் ஒரு வாரம் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். பிடித்தால் பாட் இருக்கும். இல்லையென்றால் மறுபடியும் பூவும் கிரிக்கெட்டும்.

அந்த மூன்று நாளும் அவள் நடையே மாறிவிட்டது என்று என் அம்மா சொன்னார். நானும் பார்த்தேன். மாறித்தான் இருந்தது.

4

வியாழன், மதியம் இரண்டரை. ஏழு மாடிக் கட்டடம். 'கரண்ட்' என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த மெக்கானிக் /எடுத்தேன் போட்டார். இருபது நிமிடத்தில் உள்ளே இருந்தவர்களை வெளியே எடுத்து, பழுதையும் பார்த்துவிட்டார். ஆனால் /முடிந்தது போடவில்லை.

காரணம் அவர்களுடைய வழக்கம். சரிசெய்த லிஃப்டில் தனியாக மூன்று முறை அடியிலிருந்து உச்சிவரை போய்வராமல் 'முடிந்தது' என்று எந்த மெக்கானிக்கும் சொல்ல மாட்டார். சொன்னால் மற்றவர்கள் மதிக்க மாட்டார்கள்.

மூன்றாவது முறை, ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே, லிஃப்ட் அவரை உள்ளே வைத்துக்கொண்டு நின்றுவிட்டது.

[வாசகரே, அவர் /பழுது என்று போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "எந்த மெக்கானிக்காவது தன் பேருக்கே பழுது போடுவானா அண்ணி? சாகுற வரைக்கும் சொல்லிச் சிரிப்பாங்க."]

இரும்புப் பெட்டிக்குள் அழைப்பு போகவில்லை. அதனால் குழுவில் ஒரே ஒரு வரி அனுப்பினார். மாட்டிக்கொண்டதாகக்கூட அதில் இல்லை: "அந்தப் பக்கம் யாராவது இருக்கீங்களாப்பா?"

பாட் அதை அழித்தது. அவர் வாயைக் கட்டியது.

பிறகு, நாற்பது நிமிடம் ஆனதும், 'ஒல்லி' என்கிற இன்னொரு மெக்கானிக்கை அதே பாட் அனுப்பி வைத்தது. ஒல்லி போய்க் கதவைத் திறந்தார். குழு முழுக்க பாட்டுக்குப் பாராட்டு. "வாத்தியாரம்மா வாழ்க!" அவள் அன்று எங்களுக்கெல்லாம் இனிப்பு வாங்கி வந்தாள்.

5

வெள்ளிக்கிழமை, அறிக்கைக்காக அழிக்கப்பட்ட செய்திகளின் பதிவைத் திறந்தாள். பூ, பூ, கிரிக்கெட், பூ. நடுவே அந்த வரி.

அதே நேரம் பார்த்து கரண்ட் வாசலில் வந்து நின்றார்.

"மேனேஜர் இருக்காராம்மா?"

"நாளைக்குத்தான் வருவார். ஏண்ணே?"

"ஸ்டோருக்கு மாத்திக்கச் சொல்லலாம்னு. ஒரு மெசேஜ் அனுப்பத் தெரியல எனக்கு. அனுப்பிட்டேன்னு நினைச்சேன், வெளிய வந்து பாத்தா காணோம். பாட் பூவையும் கிரிக்கெட்டையும்தான அழிக்கும். நாளைக்கு உள்ள வேற யாராவது மாட்டியிருக்கும்போது இப்படி ஆச்சுன்னா? போதும்மா. ஸ்க்ரூ பாக்ஸைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அவள் கண்கள் கலங்கின.

[அடித்துவிட்டேன். "கலங்கல. அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல" என்கிறாள்.]

அவர் போன பிறகும் அந்த வரி திரையில் இருந்தது. அதைப் பார்க்க முடிந்தவள் அவள் ஒருத்தி. அழிக்க முடிந்தவளும் அவள்தான்.

6

முடிவு ஒன்று: அவள் பதிவை அழிக்கிறாள். பாட் நிலைக்கிறது. கரண்ட் ஸ்டோரில் ஸ்க்ரூக்களோடு.

முடிவு இரண்டு: அவள் சொல்லிவிடுகிறாள். மேனேஜர் பாட்டை நிறுத்துகிறார். அவள் பழையபடி மேசையில் உட்கார்ந்து, பூக்களுக்கு நடுவே

[இதுவும் பாதியில் நின்றது.]

"ஒண்ணுல அவரு தோக்குறாரு, இன்னொண்ணுல நான். நாங்க ரெண்டு பேருமே நிமிந்து நின்னா உங்களுக்குக் கதை வராதா அண்ணி?"

எனக்குச் சுருக்கென்றது. நின்றுகொண்டு ஜெயிப்பவர்களை எழுத எனக்குப் பழக்கமில்லை. விழுந்தவர்களைத் தூக்கிவிடும் தோரணையில்தான் இத்தனை நாள் எழுதியிருக்கிறேன். அதில் என் கை மேலே இருக்கும்.

"சரி, என்னதான் பண்ணினே?"

7

சனிக்கிழமை காலை கரண்டைக் கூப்பிட்டு அறிக்கையை முதலில் அவரிடம் நீட்டியிருக்கிறாள். முதல் பத்தியிலேயே எழுதியிருந்தாள்: "வியாழனன்று மெக்கானிக் உதவி கேட்டுச் சரியாக அனுப்பிய செய்தியை பாட் அழித்தது. அந்த விதி நான் எழுதியது. நேற்று திருத்திவிட்டேன். வேலையை எடுத்தவர் எதை அனுப்பினாலும் இனி அழியாது. என் மேசையில் மணி அடிக்கும்."

அவர் விரல் வைத்துப் படித்தார்.

"அப்ப நான் ஒழுங்காத்தான் அனுப்பியிருக்கேன்?"

"ஆமாண்ணே."

"அடிப்பாவி!" என்றார். பிறகு அறைக்கு வெளியேயும் கேட்கும்படி, "நான் ஒழுங்காத்தான்யா அனுப்பியிருக்கேன்!"

இருவரும் சேர்ந்தேதான் மேனேஜர் அறைக்குப் போனார்கள். அவர் இரண்டு முறை படித்தார்.

"இதை நீ எழுதலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"தெரிஞ்சிருக்காது சார்."

"அப்புறம் எதுக்கு?"

"நான் செஞ்சது சார் அது. அதுல எங்க கோளாறுன்னு என்னைவிட யார் சரியாச் சொல்லுவாங்க?"

அதன் பிறகு மேனேஜர் ஒரு வாக்கியம் சொன்னார். எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. அது பாட்டைப் பற்றிய வாக்கியம். நான் எழுத வந்தது இவளை.

வேண்டுமென்றால் நீங்களே ஒன்றை அவர் வாயில் போட்டுக்கொள்ளுங்கள். கடுமையாகவும் இருக்கலாம். ஆனால் அதைக் கேட்டு அவள் தலைகுனிந்தாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டேன். ஒத்துவரவில்லை.